பிச்சமுத்துவின் பதிவாகாத மூச்சு

ஓய்வுபெற்ற கருவூலக் கண்காணிப்பாளர் பிச்சமுத்து, பட்டியல் போடாமல் எந்தப் பயணமும் கிளம்பியதில்லை. பட்டியலுக்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று பெட்டிக்குள், மற்றொன்று சட்டைப்பைக்குள். தங்கை மகள் சுபஸ்ரீயின் கல்யாணத்துக்கு ஓசூரிலிருந்து ஸ்ரீரங்கம் புறப்பட்டபோதும் அப்படியே செய்தார். வரிசை எண் பதினொன்று, மூச்சு மிஷின். பன்னிரண்டு, குழாய். பதின்மூன்று, முகமூடி. பதினான்கு, அடாப்டர். நான்குக்கும் எதிரே அழகான டிக் இருந்தது. ஸ்ரீரங்கத்துச் சத்திரத்தில் பெட்டியைத் திறந்தபோது மூன்றுதான் இருந்தன.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வருஷ ஆபீஸ் பழக்கம். முதலில் டிக் அடித்துவிடுவது. பொருள் வந்ததா என்பதைத் தணிக்கை வரும்போது பார்த்துக்கொள்வது. இந்த முறை தணிக்கைக்கு வந்தது அவர் மனைவி செல்லக்கிளி.

"டிக் போட்டிருக்கே, அப்புறம் அடாப்டர் எங்கங்க?"

"டிக் சரியாத்தான் இருக்கு. அடாப்டர்தான் வரல" என்றார் பிச்சமுத்து. அந்த நிலையிலும் பதிவேட்டை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஓசூர் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி செல்லக்கிளியின் கைப்பையில். எடுத்து வர ஆளில்லை.

பிச்சமுத்துவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. முகமூடியை மாட்டிக்கொண்டு, மிஷின் ஊதும் காற்றில் தூங்கினால் மறுநாள் மனிதராக இருப்பார். மாட்டாமல் தூங்கினால் ராத்திரி முழுக்கக் குறட்டை. மறுநாள் நின்ற இடத்தில், உட்கார்ந்த இடத்தில், சில சமயம் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் தூக்கம். சுபஸ்ரீயின் நிச்சயதார்த்தத்துக்கு மிஷினைக் கொண்டுவராமல் போனதில், லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது முதல் வரிசையில் தூங்கிவிட்டார். சாதாரணமாகத் தூங்கியிருந்தால் பரவாயில்லை. மாப்பிள்ளையின் அப்பா மைக்செட்காரரைக் கூப்பிட்டு, "ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு, பாருங்க" என்று சொல்லும் அளவுக்குத் தூங்கினார். தங்கை வேலம்மாள் அதன்பின் மூன்று வாரம் அண்ணனோடு பேசவில்லை.

இப்போது விஷயம் அதைவிடப் பெரியது. சுபஸ்ரீ ஒன்பதாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். நாளை மறுநாள் காலை முகூர்த்தத்தில் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவர்கள் தாய்மாமன் பிச்சமுத்துவும் செல்லக்கிளியும்தான். அந்தப் பெண்ணின் ஸ்கூல் ஃபாரத்திலிருந்து வேலைக்கான உத்தரவாதப் பத்திரம் வரைக்கும் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். கடைசிக் கையெழுத்து இது. அதைத் தூங்கிக்கொண்டே போட அவர் விரும்பவில்லை.

மிஷின் இல்லாத முதல் ராத்திரி எப்படிப் போனது என்பது காலையில் தெரிந்தது. பக்கத்து இரண்டு அறைக்காரர்களும் பாயோடு மாடிக்குப் போயிருந்தார்கள். எடமலைப்பட்டி புதூர் வீட்டிலிருந்து வேலம்மாள் நேரே வந்துவிட்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கு ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் கண்ணைத் தொறந்து வச்சிருங்க. போதும்."

கீழே காபி குடிக்கப் போன இடத்தில் அம்மாசி உட்கார்ந்திருந்தார். சொந்த ஊரில் தலையாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பத்துநாலு வயது, பங்காளி முறையில் பெரியப்பா. பிச்சமுத்துவைக் கண்டதும் அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். பதின்மூன்று வருஷமாகச் செய்கிறார். இடுப்பு மடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சூப்ரண்டு, நல்லா பார்த்துக்க. இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

அது அவருடைய உயிர்வாழ் சான்று. ஒரு வருஷம் ஏப்ரலில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால், உயிரோடிருப்பதை நேரில் காட்டும் வருடாந்தரப் பென்ஷன் நேர்காணலுக்கு வரவில்லை. ஜூலையில் ஊன்றுகோலோடு பிச்சமுத்துவின் மேஜை முன்னால் வந்து நின்றார். பிச்சமுத்து எழுந்து நின்று, சேர் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அப்புறம் சொன்னார்: "பெரியப்பா, நீங்க உயிரோட இருக்கறது எனக்குத் தெரியுது. ஆபீசுக்குத் தெரியணுமே. சான்று வாங்கிட்டு வாங்க." அம்மாசி நாலு முறை அலைந்து வாங்கி வந்தார். அதன் நகலுக்கு உறை போட்டு, அன்றுமுதல் மடியிலேயே வைத்திருக்கிறார்.

"பார்த்துட்டேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு பிச்சமுத்து மிஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மிஷினை மாத வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் பெயர் சுவாசாமிர்தம் ஹெல்த்கேர். திருச்சிக் கிளை மன்னார்புரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலில் 'மூச்சு மகிழ்ச்சி மையம்' என்று எழுதி, கீழே 'உங்கள் ஒவ்வொரு மூச்சிலும் நாங்கள்' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது பிச்சமுத்துவுக்கு லேசாக மூச்சு முட்டியது. படி ஏறியதால் இருக்கலாம்.

உள்ளே வரவேற்பில் ஜாஸ்லின் என்ற பெண் மட்டும் இருந்தாள். டோக்கன் மிஷின் நாற்பத்தொன்று என்று துப்பியது. பலகையில் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹாலில் பிச்சமுத்துவைத் தவிர ஈ காக்கை இல்லை.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?"

"அவங்க நேத்து டோக்கன் போட்டுட்டு, பார்த்துப் பார்த்துப் போயிட்டாங்க சார்."

"அப்ப என்னைக் கூப்பிடலாமே?"

"மிஷின் அவங்களைக் கூப்பிட்டு முடிக்கணும்ல சார்? ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் வெயிட் பண்ணும். அவங்க உரிமை அது."

இல்லாத இருபத்தெட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்து போனார்கள். பிச்சமுத்துவுக்கு இதில் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வரிசை என்றால் வரிசைதான் என்று பிறருக்குச் சொல்லிப் பழகியவர். இருபத்தைந்தாம் எண் வந்தபோது தூங்கிவிட்டார், அவ்வளவுதான்.

ஜாஸ்லின் தட்டி எழுப்பியபோது எதிரே ஒருவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பிலோமின்ராஜ், மண்டல மூச்சு மேலாளர்' என்று இருந்தது.

"வணக்கம் சார். முதல்ல நாம மூணு மூச்சு விடுவோம்."

"எனக்கு ஒரு அடாப்டர் வேணும்."

"மூச்சு விட்டுட்டுப் பேசலாம் சார். கம்பெனி வழக்கம்."

ஜாஸ்லின், பிலோமின்ராஜ், பிச்சமுத்து மூவரும் நின்று கண்ணை மூடி மூன்று முறை இழுத்து விட்டார்கள். மூன்றாவதில் பிச்சமுத்து கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தட்ட வேண்டியிருந்தது.

"இப்ப உங்க எதிர்பார்ப்பைச் சொல்லுங்க சார். இங்க புகார்னு சொல்ல மாட்டோம். போன வருஷம் தென் மண்டலத்துலயே புகாரே வராத மையம்னு எங்களுக்கு ஷீல்டு கொடுத்தாங்க. எப்படின்னு நினைக்கிறீங்க? ஃபாரத்துலேர்ந்து அந்த வார்த்தையையே எடுத்துட்டோம்." அவர் சுட்டிய இடத்தில் ஷீல்டு பளபளத்தது. "பேஷன்ட்டுன்னும் சொல்ல மாட்டோம். மனசு புண்படும். மூச்சாளர்னுதான் சொல்லுவோம்."

மூச்சாளர் பிச்சமுத்து மிஷினை மேஜைமேல் வைத்து, அடாப்டர் ஊரில் நின்றுவிட்டதையும், நாளைக் காலை முகூர்த்தத்தையும், தாரை வார்ப்பதையும் சொன்னார். பிலோமின்ராஜ் உருகிப்போய்க் கேட்டார். இடையிடையே "அடடா" என்றார். பிறகு மிஷினின் எண்ணை கம்ப்யூட்டரில் தட்டினார். அவர் முகம் மாறியது. ஜாஸ்லினைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஜாஸ்லின் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சார், மனசைத் திடப்படுத்திக்கங்க. உங்க கணக்கை மூடிட்டாங்க."

"ஏன்?"

"இந்த மிஷினுக்குள்ள சிம் இருக்கு சார். ஒவ்வொரு ராத்திரியும் நீங்க விடற மூச்சு நேரா எங்க சர்வருக்கு வந்துரும். நேத்து ராத்திரி வரல. இருபத்துநாலு மணி நேரம் மூச்சு வரலைன்னா…" பிலோமின்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டம் ஒரு முடிவுக்கு வந்துரும்."

"நான்தான் எதிர்ல உட்கார்ந்திருக்கேனே!"

"நீங்க உயிரோட இருக்கறது எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியலையே."

பிச்சமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். இந்த வாக்கியத்தை அவர் எங்கோ கேட்டிருக்கிறார். எங்கே என்று நினைவுக்கு வந்ததும் காதுமடல் சூடேறியது.

அந்த நேரம் பார்த்து செல்லக்கிளி போன் செய்தாள்.

"ஏங்க, நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்களாமே? கம்பெனியிலேர்ந்து மெசேஜ் வந்திருக்கு. ஆழ்ந்த அனுதாபமாம். மிஷினை நல்லா துடைச்சு, ஏழு நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கணுமாம்."

"நான் மன்னார்புரத்துலதான் இருக்கேன்."

"அப்ப வரும்போது மல்லிப்பூ பத்து முழம் வாங்கிட்டு வந்துருங்க. இங்க பத்தாது போலிருக்கு."

போனை வைத்துவிட்டு பிச்சமுத்து தன் முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தைத் திரட்டிக்கொண்டார். எந்த விதிக்கும் ஒரு உபவிதி இருந்தே தீரும் என்பது அவருக்குத் தெரியும்.

"சரி. தப்பாச் செத்துட்டா, திரும்பப் பிழைக்க என்ன நடைமுறை?"

பிலோமின்ராஜ் மகிழ்ந்து போனார். இத்தனை தெளிவாகக் கேட்ட மூச்சாளரை அவர் பார்த்ததில்லை. "ரொம்ப சுலபம் சார். அதே மிஷின்ல எங்க கண் முன்னால பத்து நிமிஷம் மூச்சு விடணும். சர்வர்ல ஏறினதும் நீங்க எழுந்துருவீங்க."

"மிஷினை ஓட்ட அடாப்டர் வேணுமே."

"ஆமா சார்."

"அடாப்டர் கொடுங்க."

"உயிரோட இருக்கிற மூச்சாளருக்குத்தான் சார் கொடுக்க முடியும்."

சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணியின் மேல், சின்ன விளக்கொளியில், அச்சு அசலாக அவர் ஓசூரில் விட்டுவந்த அதே அடாப்டர் இருந்தது. பிச்சமுத்து கையை நீட்டிக் காட்டினார்.

"அது காட்சிக்கு சார்" என்றாள் ஜாஸ்லின். "வர்றவங்களுக்கு நம்பிக்கை வரணும்ல."

"பத்து நிமிஷம் கொடும்மா. இங்கேயே உட்கார்ந்து மூச்சு விட்டுட்டுத் தந்துடறேன்."

பிலோமின்ராஜ் கண்ணாடிப் பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "சார், ஒண்ணு புரிஞ்சுக்கணும் நீங்க. நாங்க அடாப்டர் விக்கிற கம்பெனி இல்ல. மூச்சுங்கிறது ஒரு பயணம். அந்தப் பயணத்துல நாங்க கூடவே வர்றோம். வெறும் பொருளைக் கொடுத்து அனுப்பறது சாதாரணக் கடைக்காரன் வேலை. இந்தப் பிராஞ்ச் திறந்து மூணு வருஷம் ஆச்சு. அடாப்டர் கேட்டு நூத்துக்கணக்கான பேர் வந்திருக்காங்க. ஒருத்தருக்குக்கூட வெறும் அடாப்டரைக் கொடுத்து நாங்க அனுப்பினதில்ல!"

"எல்லாருக்கும் என்ன கொடுத்தீங்க?"

"நேரம் கொடுத்தோம் சார்."

அது உண்மை என்று பிச்சமுத்துவால் மறுக்க முடியவில்லை. சுவர்க்கடிகாரம் ஒன்றரை காட்டியது. வேறு வழியும் இருந்தது. கெசட்டட் ஆபீசரிடம் உயிர்வாழ் சான்று, பழைய தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், இறந்ததாகத் தவறாகக் கருதப்பட்டவருக்கான படிவம் ஏழு, இவற்றை அனுப்பினால் தலைமை அலுவலகம் ஏழு வேலை நாளில் பரிசீலிக்கும். பிலோமின்ராஜ் படிவத்தை எடுத்துவர உள்ளே போனார். திரும்பி வந்தபோது சோபாவில் பிச்சமுத்து மறுபடி தூங்கியிருந்தார். குறட்டையில் ஷீல்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

ஜாஸ்லினுக்கு மனசு கேட்கவில்லை. "சார், இவரு மூச்சு விடறாரு. எனக்கே நல்லா கேக்குது. வீடியோ எடுத்து அனுப்பட்டா?"

"அது சத்தம்மா. மூச்சுங்கிறது டேட்டா" என்றார் பிலோமின்ராஜ்.

இதைப் பிச்சமுத்து பாதித் தூக்கத்தில் கேட்டார். எழுந்தார். படிவம் ஏழை மடித்துப் பையில் வைத்தார். எந்தப் படிவத்தையும் அவர் கீழே விட்டுவிட்டு வந்தவரில்லை. மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். வாசல்வரை வந்த ஜாஸ்லின் மெதுவாகச் சொன்னாள்.

"சார், சிங்காரத்தோப்புல பீமராவ்னு ஒரு கடை இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

மலைக்கோட்டைக்குக் கீழே கூட்டத்தில் நசுங்கி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, ஒரு ஜவுளிக்கடைப் படியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் தூங்கி, பிச்சமுத்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். கடை என்றால் ஓர் ஆள் உட்காரலாம், இன்னொருவர் நிற்கலாம். பீமராவ் மிஷினை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இருபத்துநாலு வோல்ட். தண்ணி ஃபில்டருக்குப் போடற அடாப்டரும் அதேதாங்க. பின்னுதான் வேற. மாத்திடலாம்." பழைய டப்பாவைக் கவிழ்த்து ஒரு பின்னைப் பொறுக்கினார். பற்றவைத்தார். மீட்டரை வைத்து இரண்டு தரம் பார்த்தார். "தண்ணியைச் சூடு பண்ற பாகத்தை மட்டும் போடாதீங்க, தாங்காது. ஊருக்குப் போனதும் கம்பெனி அடாப்டரையே போட்டுக்கங்க. ரெண்டு மூணு ராத்திரிக்கு இது போதும்."

சுவிட்சைப் போட்டார். மிஷின் பச்சை விளக்கோடு ஊத ஆரம்பித்தது. பிச்சமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சான்று ஏதாவது காட்டணுங்களா?" என்று கேட்டார், பழக்கதோஷத்தில்.

"என்ன சான்று?"

"நான்தான் இந்த மிஷின்காரன்னு. உயிரோட இருக்கேன்னு."

பீமராவ் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "நீங்கதான் நேர்ல வந்திருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் மிக்ஸியைக் கையில் வாங்கினார்.

அன்று வரவேற்பு முடிந்ததும் பிச்சமுத்து முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். மாடிக்குப் போனவர்கள் பாயோடு இறங்கி வந்தார்கள். விடியற்காலை எழுந்தபோது அவருக்குத் தலை லேசாக இருந்தது. அம்மா மண்டபம் போய்க் காவிரியில் முங்கிவிட்டு வந்தார்.

முகூர்த்தத்தில் அவர் கண்கள் தேவைக்கு மேலேயே திறந்திருந்தன. மந்திரம் சொல்லச் சொன்னால் சொன்னார். சொல்லாதபோதும் சொல்லத் தயாராக இருந்தார். சுபஸ்ரீயின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, செல்லக்கிளி தண்ணீர் வார்த்தபோது, அந்தச் சின்னக் கை தன் உள்ளங்கையை ஒரு தரம் இறுகப் பற்றி விட்டதை அவர் உணர்ந்தார். தூங்கியிருந்தால் இது தெரிந்தே இருக்காது என்ற நினைப்பில் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "மாமா, அழாதீங்க, எனக்கும் வந்துரும்" என்றாள் சுபஸ்ரீ. வேலம்மாள் முந்தானையால் அண்ணனின் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

பந்தி ஆரம்பித்த நேரம், அவர் போன் அடித்தது. பிலோமின்ராஜ்.

"சார், ஒரு முக்கியமான விஷயம். நேத்து ராத்திரி உங்க மிஷின்ல யாரோ அஞ்சே முக்கால் மணி நேரம் மூச்சு விட்டிருக்காங்க."

"நான்தான்."

"நீங்க இல்லைன்னு சிஸ்டத்துல இருக்கே சார். இறந்தவர் கணக்குல அனுமதி இல்லாத மூச்சுன்னு தலைமை அலுவலகத்துலேர்ந்து கேட்டிருக்காங்க. இன்னைக்கு முடிவு பண்ணலைன்னா மிஷினை அங்கேயிருந்தே பூட்டிருவாங்க. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சாட்சி ஒருத்தர், வயசுல பெரியவங்களா, லைன்ல வந்து சொன்னாப் போதும். உங்களுக்காக நான் பேசி வாங்கின சலுகை இது."

பக்கத்து இலையில் அம்மாசி கேசரியை வழித்துக்கொண்டிருந்தார். பிச்சமுத்து விஷயத்தைச் சொன்னார். அம்மாசி இடது கையால் போனை வாங்கி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பிறகு பிச்சமுத்துவைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"உயிரோட இருக்கற மாதிரிதான் தெரியுது தம்பி. ஆனா பாருங்க, இப்ப உடனே சொல்ல முடியாது. ஏப்ரல் மாசம் நேர்காணலுக்கு வரச் சொல்லுங்க."

பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். பிச்சமுத்து சிரிக்கவில்லை. குனிந்து, "தப்புதான் பெரியப்பா" என்றார். பதின்மூன்று வருஷத்தில் அதை அவர் சொன்னது இதுவே முதல் தடவை.

அம்மாசிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. போனை வாய்க்கருகில் கொண்டுபோனார். "எழுதிக்கங்க தம்பி. உயிரோட இருக்காரு. முகூர்த்தம் பூராவும் முழிச்சுக்கிட்டும் இருந்தாரு. நானே என் கண்ணால பார்த்தேன்."

"நன்றிங்க அய்யா" என்றார் பிலோமின்ராஜ். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "அய்யா, இன்னொரு கட்டம் இருக்கு. சாட்சி உயிரோட இருக்காருங்கறதுக்கு ஆதாரம் கேக்குது."

அம்மாசியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் இடுப்பு மடியை அவிழ்த்தார். பதின்மூன்று வருஷம் சுமந்ததை இப்போதுதான் ஒரு மனிதர் வாயைத் திறந்து கேட்டிருக்கிறார். உறையை வேட்டியில் துடைத்து, கண்ணுக்கு அருகே பிடித்து, தேதி, எண், முத்திரை எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பிரமாதம் அய்யா. இதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரி பேரு?"

"பிச்சமுத்து, கண்காணிப்பாளர்."

"அவரு இப்ப உயிரோட இருக்காருங்களா?"

"இதோ, என் பக்கத்து இலையிலதான் உட்கார்ந்திருக்காரு. அவரைப் பத்தித்தானே இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருக்கோம்!"

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றது. இலையில் பொங்கல் விழுந்தது, சாம்பார் வந்தது, வடை வந்தது. அம்மாசி போனைக் காதோடு ஒட்டிவைத்து உற்றுக் கேட்டார்.

"என்ன பெரியப்பா, வச்சுட்டாரா?"

"இல்ல, லைன்லதான் இருக்காரு" என்றார் அம்மாசி. "பேச்சைக் காணோம். மூச்சு மட்டும் வருது."